கம்பத்தில் கட்டிய கயிறு

வணக்கம் நேயர்களே.

ஒரு காற்பந்துக் குழுவில் கோல்காவலர் ஒருவர் ஆடுவார், இன்னொருவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். 14 ஆண்டுகள், நான்கு மாநிலங்கள், பெரும்பாலும் நான் அந்த இன்னொருவர். ஓர் இடத்தில் மூன்று மாதச் சம்பளம் கடைசிவரை வரவே இல்லை. அது கிடக்கட்டும்.

ஆசை தொடங்கியது 1980-இல். எனக்குப் பத்து வயது. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஒலிம்பிக் தகுதி ஆட்டம். தென் கொரியாவை 2-1 என்று வென்றோம். வானொலிப் பெட்டியை ஒட்டிக் குந்தியிருந்த அப்பா, நம் மலேசியக் கோல்காவலர் ஆறுமுகத்தின் பெயர் காதில் விழும்போதெல்லாம் தொடையைத் தட்டுவார். தகுதி பெற்றும் மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அந்தப் பிள்ளைகள் போக முடியாமல் போனது. நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயரெடுத்த ஆறுமுகம், 1988 டிசம்பரில் கார் விபத்தில் இறந்தார். அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை.

அவரைப் போல ஆக வேண்டும் என்று நான் கைகளுக்கே பயிற்சி கொடுத்தேன். கால் எதற்கு என்று யாரும் சொல்லித் தரவில்லை. 1992-இல் விதி மாறியது. சொந்த ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் தட்டித் தரும் பந்தைக் கோல்காவலர் கையால் தொடக்கூடாது. அதற்குப் பிறகு பினாங்கு சிட்டி ஸ்டேடியத்தில் ஒரு மழை ஆட்டம். தற்காப்பு ஆட்டக்காரர் பந்தை எனக்குத் திருப்பி அனுப்பினார். ஓங்கி உதைத்தேன். பந்து கணுக்காலில் பட்டு நேராக எதிரணிக்காரர் காலடிக்கே போனது. அடுத்த வாரம் மறுபடியும் பெஞ்ச்.

ஆனால் அந்த பெஞ்சில்தான் கண் திறந்தது. எங்கள் முதல் கோல்காவலர் அதிகம் பாய மாட்டார். உதைப்பதற்கு முன்பே இரண்டு எட்டு வைத்து, பந்து வரும் வழியில் போய் நின்றுவிடுவார். பாய்ந்து பிடிப்பவருக்குக் கைதட்டல் விழும், இவருக்கு விழாது. கோலும் விழாது.

இப்போது சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்கு அதைத்தான் கற்றுத் தருகிறேன். கோல் கம்பங்கள் இரண்டிலும் ஒரு நீளக் கயிற்றின் நுனிகளைக் கட்டுவேன். நடுக்கயிற்றை இழுத்து வந்து பந்து இருக்கும் இடத்தில் காலால் மிதித்துக்கொள்வேன். கோல் 7.32 மீட்டர் அகலம். கோட்டின்மேல் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பையன் கையை விரித்தால் இரு பக்கமும் வெற்றிடம்தான் தெரியும். “இப்போ என்னைப் பார்த்து நடந்து வா தம்பி.” ஒவ்வோர் எட்டுக்கும் கயிறுகள் அவனை நெருங்கி வரும். ஓரிடத்தில் இரண்டு கையும் கயிற்றைத் தொட்டுவிடும். போன மாதம் ஒரு பையன் அங்கேயே நின்று கத்தினான்: “கோச், கோலு சின்னதாயிருச்சு!”

ரொம்ப முன்னால் வந்தால் பந்து தலைக்குமேல் போய்விடும் என்பது அடுத்த வாரப் பாடம்.

எனக்கு வருத்தம் தரும் விஷயம் ஒன்று உண்டு. நம் திடல்களில் இன்னமும் ஓட முடியாதவனை, பருமனான பையனைப் பார்த்து “நீ போய் கோல்ல நில்லுடா” என்கிறோம். என்னையும் முதன்முதலில் அப்படித்தான் அனுப்பினார்கள். தண்டனை போல அங்கே நிறுத்தப்பட்ட பிள்ளை, கோல் விழும்போது தனியாகத் திரும்பி வலைக்குள் போய்ப் பந்தை எடுக்க வேண்டும். குனியும்போது அவன் முகத்தைப் பாருங்கள். பெற்றோர்களே, பயிற்றுநர்களே, யாருக்கு விருப்பம் என்று முதலில் கேளுங்கள். விரும்பி வருகிற பையனுக்கு முதல் நாளிலேயே காலால் பந்தைத் தட்டிக்கொடுக்கவும் சொல்லித் தாருங்கள்.

இன்னொன்று. பெரியவர்களின் பழைய கையுறைகளைப் பலர் அன்போடு கொடுக்கிறார்கள். சின்ன விரல்களில் அவை நிற்பதில்லை, பந்தோடு கழன்று வருகின்றன. வீட்டில் 5, 6 அளவில் பயன்படுத்தாத ஜோடி இருந்தால் உங்கள் பக்கத்துத் திடலில் நிற்கும் பையனிடம் கொடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.