எபோலா வார்டில் என்ன வைத்தியம் நடக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். கொள்ளைநோய்க் காலத்துச் சிகிச்சை பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எல்லா நோய்களையும் தொட்டுப் போக நேரமில்லை. நோயாளியின் ரத்தம் போன்ற உடல் திரவங்கள் மூலம் தொற்றும் வைரஸ் நோயான எபோலாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1976. இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசில் யம்புக்கு என்ற ஊர். பெல்ஜியக் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரி. வெளிநோயாளிகள் பிரிவுக்குத் தினமும் காலையில் ஐந்தே ஐந்து சிரிஞ்சுகள். ஒருவருக்குப் போட்டதை வெதுவெதுப்பான நீரில் அலசிவிட்டு அடுத்தவருக்குப் போடுவார்கள். அந்த வட்டாரத்தில் நோய் கண்ட 318 பேரில் 280 பேர் இறந்தார்கள். ஆஸ்பத்திரி ஊழியர்கள் 17 பேரில் 11 பேர் இறந்துபோனார்கள். கடைசியில் ஆஸ்பத்திரியை இழுத்து மூடிய பிறகுதான் நோய் அடங்கத் தொடங்கியது.

அரசு அங்கே அனுப்பிய இளம் வைரஸ் நிபுணர் ஷான்-ஷாக் முயெம்பே. கையுறை இல்லாமலே நோயாளிகளிடம் ரத்தம் எடுத்தார். ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிந்து விரலெல்லாம் நனைந்தது. சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டார். பிழைத்தது அவர் அதிர்ஷ்டம், நமக்கும்தான். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

எபோலா என்றதும் உடம்பெல்லாம் ரத்தம் கொட்டும் என்று நினைக்கிறோம். ரத்தப்போக்கு எல்லாருக்கும் வருவதில்லை. பலரைச் சாய்ப்பது வாந்தியும் பேதியும்தான். ஒரே நாளில் லிட்டர் கணக்கில் நீர் வெளியேறும், பொட்டாசியம் இறங்கும், சிறுநீரகம் நின்றுபோகும். இழந்ததை ஈடுகட்டி, உடம்பு வைரஸோடு போராட அவகாசம் வாங்கிக் கொடுப்பதுதான் அடிப்படைச் சிகிச்சை. டிரிப்ஸ் ஏற்றுவதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். 2020-இல் நம் டாக்டர்களும் நர்ஸுகளும் பிபிஇ உடையில் வியர்த்துப்போய் நின்றதைப் பார்த்திருப்பீர்கள். அதே போன்ற உடையை மேற்கு ஆப்பிரிக்க வெயிலில் ஏசி இல்லாத கூடாரத்துக்குள் போட்டுக்கொண்டால் ஒரு மணி நேரம் தாங்குவதே பெரிது. கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும், கையில் இரண்டு அடுக்கு உறை. அந்த நிலையில் துடிக்கிற நோயாளிக்கு நரம்பைத் தேடி ஊசி குத்த வேண்டும். ஊசி தவறித் தன் விரலில் பட்டால் உயிரே போகலாம். அதனால் பல மையங்களில் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒரு கணக்கு உறுத்துகிறது. 2014 முதல் 2016 வரை கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் 28,600-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்து 11,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வைத்துச் சிகிச்சை பெற்றவர்கள் 27 பேர், இறந்தவர்கள் ஐந்து பேர். சிலருக்குச் சோதனை மருந்தும் கிடைத்தது என்பது உண்மை. ஆனால் இரவு பகலாகப் பக்கத்தில் நர்ஸ், தினமும் ரத்தப் பரிசோதனை, தேவையான அளவு திரவம் எல்லாருக்கும் கிடைத்தன.

மூன்று நாடுகளிலும் 500-க்கும் அதிகமான மருத்துவப் பணியாளர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் சியரா லியோனின் டாக்டர் ஷேக் உமர் கான். அவர் படுத்திருந்த மையத்திலேயே ஒரு சோதனை மருந்து இருந்தது. அதுவரை எந்த மனிதருக்கும் கொடுத்துப் பார்க்காத மருந்து. கொடுத்து அவர் இறந்துவிட்டால் மருத்துவர்கள்தான் கொன்றார்கள் என்று பேச்சு வரும், அப்புறம் யாரும் சிகிச்சைக்கு வர மாட்டார்கள் என்று தயங்கிக் கொடுக்காமல் விட்டார்கள். 2014 ஜூலை 29 அன்று அவர் இறந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதுதான் என் எண்ணம். அந்த நோயாளியும் ஒரு டாக்டர்தானே.

முயெம்பேக்கு வருகிறேன். 1995-இல் கிக்விட் நகரில் எபோலா வந்தபோது, பிழைத்து எழுந்தவர்களின் ரத்தத்தை எட்டு நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். ஏழு பேர் தப்பினார்கள். தானாகவே தப்பியிருப்பார்கள் என்று சொன்னவர்களும் உண்டு. எட்டுப் பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதும் சரிதான். ஆனால் கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்து பின்னாளில் ஓர் ஆன்டிபாடி மருந்து பிறந்தது. ஆன்டிபாடி என்பது கிருமியை எதிர்க்க உடம்பே உருவாக்கும் புரதம். 2018-இல் கிழக்கு காங்கோவில் தொடங்கிய ஆய்வில் நான்கு மருந்துகளை ஒப்பிட்டார்கள். ஆய்வை நடத்தியவர்களில் முயெம்பேயும் ஒருவர். அந்த ஆன்டிபாடியும் இன்னொன்றும் முந்தின. இவற்றைப் பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்தார். ரத்தத்தில் வைரஸ் குறைவாக இருக்கும்போதே வந்து சேர்ந்தவர்களில் இறந்தது பத்தில் ஒருவர்தான்.

சரி, சீக்கிரம் வர வேண்டும். யார் வருவார்கள்? உள்ளே போனவர் பிணமாகத்தான் திரும்புவார் என்று ஊரே நம்பும்போது? காங்கோவில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் சுவர் கொண்ட அறைகளை அமைத்தார்கள். சுவரிலேயே நீண்ட கையுறைகள் இருக்கும். நர்ஸ் வெளியே நின்றபடி கையை நுழைத்து டிரிப்ஸை மாற்றலாம். வீட்டுக்காரர்கள் முகம் பார்த்துப் பேசலாம். தாய் உள்ளே சிகிச்சையில் இருக்கும்போது அவளுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, நோயிலிருந்து மீண்ட பெண்களையே அமர்த்தினார்கள். என்னைக் கேட்டால், ஆன்டிபாடிக்கு இணையான சிகிச்சை இது.

அந்த மருந்துகள் எபோலாவின் ஜைர் வகைக்கு மட்டும்தான். 2022-இல் உகாண்டாவுக்கு வந்தது சூடான் வகை. அதற்கு அங்கீகாரம் பெற்ற மருந்து எதுவும் கையில் இல்லை. சிலருக்குச் சோதனை மருந்து கொடுத்தார்கள். மற்றபடி டிரிப்ஸ், ரத்தப் பரிசோதனை, விடாத கவனிப்பு. உறுதிசெய்யப்பட்ட 142 பேரில் 87 பேர் வீடு திரும்பினார்கள். வணக்கம்.