கன்று வீசிய மாடும் காய்ச்சலில் படுத்தவரும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம். பறவைகளிடமிருந்தும் கால்நடைகளிடமிருந்தும் மனிதருக்குத் தொற்றக்கூடிய பாக்டீரியா நோய்களைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். அந்த வரிசை மிக நீளமானது. கோழியின் குடலில் அதற்கு எந்தத் தொந்தரவும் தராமல் வாழ்கிற சால்மோனெல்லா, சரியாக வேகாத கறி வழியாகவும் முட்டை வழியாகவும் நமக்கு வயிற்றுப்போக்கைத் தருகிறது. கிளிகளின் உலர்ந்த எச்சத்தூசியைச் சுவாசிப்பதால் வரும் சிட்டக்கோசிஸ் என்னும் நோய், 1929-30ஆம் ஆண்டுகளில், தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறிய கிளிகளுடன் சென்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உயிர்களைப் பறித்தது. அடைப்பான் எனப்படும் ஆந்த்ராக்ஸ் நோயைப் பற்றி ஆடுமாடு வளர்ப்போருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேற்றுவரை மேய்ந்த மாடு திடீரென்று செத்து விழுவதால் அதன்மீது எல்லோருக்கும் அச்சம் இருக்கிறது. மாட்டைக் கொல்லாத காரணத்தாலேயே யாரும் அஞ்சாமல் விட்டுவிடுகிற ஒரு நோய்க்குத்தான் இன்றைய நேரத்தை ஒதுக்க விரும்புகிறேன். அது கன்று வீச்சு நோய் எனப்படும் புரூசெல்லோசிஸ்.

இந்த நோய் கண்ட சினை மாடு பெரும்பாலும் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு, முழுமாதம் ஆகுமுன்பே கன்றை வீசிவிடுகிறது. நஞ்சுக்கொடி விழாமல் தங்கிவிடுவதும் உண்டு. ஒரு முறை வீசிய மாடு அடுத்த ஈற்றில் முழுமாதக் கன்றையே ஈன்றுவிடக்கூடும் என்பதால், வளர்ப்பவர் கெட்ட காலம் கழிந்தது என்று நிம்மதி அடைகிறார். நோய்க்கிருமியோ அந்த மாட்டின் மடியிலும் நிணநீர்க் கணுக்களிலும் தங்கி, பாலிலும் ஈனும்போது வெளிவரும் நீரிலும் ஆண்டுக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கிறது.

இந்த ஒளிந்திருக்கும் தன்மை மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவில் மருத்துவர்களை நெடுங்காலம் குழப்பியது. அங்கே பணியிலிருந்த பிரிட்டிஷ் படைவீரர்கள் விட்டுவிட்டு வரும் நீண்ட காய்ச்சலில் விழுந்தார்கள். டேவிட் புரூஸ் என்ற இராணுவ மருத்துவர், இறந்த வீரர்களின் மண்ணீரலிலிருந்து 1887ஆம் ஆண்டில் கிருமியைப் பிரித்தெடுத்தார். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது தெரிய மேலும் 18 ஆண்டுகள் ஆயின. தெருவில் ஓட்டிவந்து வாசலிலேயே கறந்து கொடுக்கப்பட்ட, பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத வெள்ளாடுகளில் கிருமி இருப்பதை 1905இல் தெமிஸ்டாக்லிஸ் ஸாமிட் என்னும் மால்டா மருத்துவர் கண்டறிந்தார். மறு ஆண்டு படையினருக்கு வெள்ளாட்டுப்பால் கொடுப்பது நிறுத்தப்பட்டதும் அவர்களிடையே நோய் வெகுவாகக் குறைந்தது.

நம் வீடுகளில் பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் நம்மைப் பெரிதும் காத்துவருகிறது. உடம்புக்கு நல்லது என்று வெள்ளாட்டுப் பாலைக் கறந்த சூட்டோடு குடிப்பவர்கள் மட்டும் அதைக் கைவிட வேண்டும். நம்மிடையே நான் அதிகம் அஞ்சுவது மாட்டுக்கொட்டகையில் வெறும் கையோடு நடக்கும் வேலையைத்தான். கன்றை இழுத்து எடுப்பவர், தங்கிய கொடியை அகற்றுபவர், நனைந்த வைக்கோலை வாரிக் கொட்டும் பெண்கள், இவர்களின் கையில் உள்ள சிறு கீறலே கிருமிக்கு வாசலாகிவிடுகிறது. கண்ணிலோ வாயிலோ நீர் தெறித்தாலும் போதும். கருவுற்ற பெண்கள் இந்த வேலையின் பக்கமே வரக்கூடாது. நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. மாட்டுக்குப் பால் பெருக வேண்டும் என்ற அன்பில் செய்வது அது. அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆயினும் காகமும் நாயும் இழுத்துச் செல்லக்கூடிய இடத்தில் கொடியைத் தொங்கவிடுவதைவிட, கையுறை அணிந்து எடுத்து, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைப்பதே ஊருக்குப் பாதுகாப்பு. வெயில் படாத ஈரமான இடத்தில் இக்கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

மனிதரிடம் இது வரும் விதம் எளிதில் பிடிபடாது. தொற்றிய சில வாரங்கள் கழித்து மாலையில் ஏறும் காய்ச்சல், இரவில் உடையை நனைக்கும் வியர்வை, இடுப்பிலும் மூட்டுகளிலும் வலி, ஆண்களில் சிலருக்கு விரைவீக்கம் ஆகியவை தோன்றுகின்றன. டைபாய்டு என்றும் மலேரியா என்றும் காசநோய் என்றும் கருதப்பட்டு மாதங்கள் கழிகின்றன. மருத்துவர் கேட்காவிட்டாலும், "எங்கள் வீட்டு மாடு கன்று வீசியது, நான்தான் கொடியை எடுத்தேன்" என்று நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு செய்தி இரத்தப் பரிசோதனையைச் சரியான திசையில் திருப்பிவிடும். பொதுவாக இரண்டு எதிர்நுண்ணுயிர் மருந்துகளைச் சேர்த்து ஆறு வாரம் சாப்பிட வேண்டியிருக்கும். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும், சிலருக்கு முதுகெலும்பிலும் போய்த் தங்கும்.

மாட்டுக்கு இந்த நோயைத் தீர்க்கும் நம்பகமான மருந்து இல்லை, தடுப்பூசி இருக்கிறது. நான்கு முதல் எட்டு மாத வயதுக்குள் கிடேரிக் கன்றுக்கு ஒரே ஒரு முறை போட்டால் போதும். காளைக் கன்றுகளுக்கும் சினை மாடுகளுக்கும் போடக்கூடாது. 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இது இலவசமாகப் போடப்படுகிறது. வயது கடந்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும் என்பதால், கன்றின் வயதைக் குறித்துவைத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

இன்னொன்றையும் மனவேதனையுடன் சொல்கிறேன். கன்று வீசிய மாட்டைச் சத்தமில்லாமல் சந்தைக்கு ஓட்டிவிடுவது நடக்கிறது. வாங்குபவரும் நம்மைப் போலக் கடன்பட்டு மாடு பிடிக்கிற ஒரு குடும்பம்தான். அவர்கள் கொட்டகையில் இருக்கும் மற்ற மாடுகளுக்கும், கறப்பவர் கைக்கும் நோய் அங்கிருந்தே போகிறது. புதிதாக மாடு வாங்குவோர் முன் ஈற்றுகளைப் பற்றி விசாரித்து, இரத்தப் பரிசோதனை செய்து, முடிவு வரும்வரை அதைத் தனியே கட்டி வையுங்கள். நன்றி, வணக்கம்.