துப்பறிபவர் எந்தத் தெருவில் நடக்கலாம்?

வணக்கம், நேயர்களே. பழைய அமெரிக்கத் துப்பறியும் படங்களை நினைத்துப் பாருங்கள். தொப்பி, மழைக்கோட்டு, சிகரெட் புகை, இருட்டுச் சந்து. நுவார் என்பார்கள் இந்த வகையை. அதில் வரும் துப்பறிபவர் கோடீஸ்வரர் மாளிகை, சூதாட்ட விடுதி என்று எந்தக் கதவையும் தட்டுவார். அடி விழும், துப்பாக்கி நீளும். ஆனால் "உனக்கு இந்தத் தெருவில் என்ன வேலை?" என்று யாரும் கேட்பதில்லை. ஏனென்றால் அவர் வெள்ளைக்காரர்.

கறுப்பர்களுக்குப் பெரும்பாலும் வேலைக்காரி, போர்ட்டர், பியானோ வாசிப்பவர் வேடங்கள்தான். 1958-இல் வந்த 'டச் ஆஃப் ஈவில்' படத்தில் மெக்சிகோ அதிகாரியாக சார்ல்டன் ஹெஸ்டன், முகத்தில் பழுப்பு மேக்கப்போடு! படம் பிரமாதம்தான், அந்தப் பூச்சுதான் உறுத்துகிறது.

சரி, அதே துப்பறிபவர் கறுப்பராக இருந்தால்? 1995-இல் கார்ல் ஃபிராங்க்ளின் இயக்கிய 'டெவில் இன் எ புளூ டிரெஸ்' அதைத்தான் காட்டியது. கதை வால்டர் மோஸ்லியின் நாவல். நாயகன் ஈஸி ராலின்ஸாக டென்சல் வாஷிங்டன்.

இடம் லாஸ் ஏஞ்சல்ஸ், ஆண்டு 1948. போருக்குப் போய் வந்த ஈஸிக்கு விமானத் தொழிற்சாலை வேலை போய்விட்டது. வீட்டுக்கடன் கழுத்தை நெரிக்கிறது. வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிவைத்த காலம் அது. அந்த நிபந்தனையை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே அதே 1948 மே மாதத்தில்தான். அந்த ஊரில் ஒரு கறுப்பருக்குச் சொந்த வீடு என்றால் சும்மாவா? அதைக் காப்பாற்றத்தான் துப்பறியவே இறங்குகிறார்.

காணாமல்போன வெள்ளைக்காரப் பெண்ணைத் தேடும் வேலை. அவள் கறுப்பர்களின் கேளிக்கை விடுதிகளுக்குப் போகிறவள். அங்கே போய் விசாரிக்க, இந்த வேலையைக் கொடுத்த வெள்ளைக்காரத் தரகரால் முடியாது, ஈஸியால் முடியும். ஆனால் அந்தத் தரகரைச் சந்திக்கக் கடற்கரைக்குப் போய் நிற்கும்போது, ஒரு வெள்ளைக்காரப் பெண் தானாக வந்து பேச்சுக் கொடுக்கிறாள். ஈஸி பதில் சொல்லவே தயங்குகிறார். நினைத்தபடியே வெள்ளைக்கார இளைஞர்கள் வந்து சூழ்ந்துகொள்கிறார்கள். வழக்கமான துப்பறிபவர் அந்த இடத்தில் ஒரு நக்கலான வசனம் பேசியிருப்பார். டென்சல் வாயைத் திறக்க யோசிக்கிறார், அதிலேயே பயம் தெரிகிறது. ஆளை மட்டும் மாற்றினால் போதாது, ஆள் மாறினால் காட்சியே வேறாகிவிடும் என்பதை அங்கே பார்க்கலாம்.

படம் பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும், முடிச்சையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகைப் படங்களில் மர்மப் பெண் மறைப்பது கொலையாகவோ பேராசையாகவோ இருக்கும். இங்கே காணாமல்போன அந்தப் பெண் மறைப்பது பிறப்பை. வெள்ளையராகக் காட்டிக்கொண்டு வாழும் கலப்பினப் பெண் அவள். காதலனோ மேயர் பதவிக்குக் கண் வைத்திருக்கும் பணக்காரன்.

எனக்கு ஒரு குறையும் உண்டு. கொரெட்டா என்ற கறுப்பினப் பெண் கலகலப்பாக வருகிறாள், கொஞ்ச நேரத்திலேயே பிணமாகிறாள். அந்தப் பழைய வழக்கத்தை இந்தப் படமும் விடவில்லை.

ஈஸியின் நண்பன் மவுஸாக வந்து படத்தையே தட்டிக்கொண்டு போகிறவர் டான் சீடில். அவருக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் திரைவிமர்சகர்கள் சங்கத்தின் துணை நடிகர் விருது கிடைத்தது. ஆஸ்கர் பரிந்துரையில்கூடப் பெயர் வரவில்லை. படம் போட்ட பணத்தை எடுக்கவில்லை, இரண்டாம் பாகமும் வரவில்லை. மோஸ்லி மட்டும் ஈஸியை விடாமல் நாவல் மேல் நாவலாக எழுதிக்கொண்டே போனார்.