“நீங்களே சொல்லுங்க சார்”

நேயர்களுக்கு வணக்கம்.

ராமநாதபுரத்தில் ‘கோச்சிங்’ என்றால் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கப் போகிற இடம்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். நான் பேச வந்திருப்பது வேறு. வேலையில் இருக்கிற ஒருவர், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, முக்கால் மணி நேரம் ஒரு கோச்சோடு உட்கார்ந்து தன் சிக்கலைத் தானே பிரித்துப் பார்ப்பது. இங்கே கோச் பாடம் எடுப்பதில்லை, தீர்ப்பும் சொல்வதில்லை. காது கொடுக்கிறார், கேள்வி கேட்கிறார், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு சிரமம் என்பதே இன்றைய பேச்சு.

மண்டபம் பக்கத்தில் ஒரு நண்டு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற மேஜையில் முப்பது பெண்கள். மேலே ஒரு சூப்பர்வைசர் அக்கா. சதையில் பொட்டு ஓடு கிடந்தாலும் தட்டு திரும்பி வந்துவிடும். அக்கா சொல்கிறார்: “ஓட்டோட போட்டுர்றாளுக சார். சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிர்றாளுக. எனக்குக் கோவம் வந்துருது, கத்திப்புடுறேன். நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க சார்.”

‘சார்’ விழுந்ததுமே கோச்சின் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். உடம்பு முன்னால் சாயும். நாக்கு நுனியில் யோசனை வந்து நிற்கும். மைண்ட்ஃபுல்னஸ் என்றால் இந்த நொடியில் நடப்பதைத் தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது. அந்த உந்துதலை அது வந்த நொடியிலேயே கண்டுகொள்வதுதான் கோச்சுக்கு மைண்ட்ஃபுல்னஸ். கண்ணை மூடி உட்காருவதெல்லாம் இதற்கான ஒத்திகை. யோசனையைச் சொல்லிவிட்டால் அக்கா தலையாட்டுவார், மறுநாள் மேஜையில் அதே சத்தம் கேட்கும். அவரைக் கத்த வைப்பது எதுவோ அதை அந்த யோசனை தொடவே இல்லையே.

மைண்ட்ஃபுல்னஸை மருத்துவமனைக்குள் ஒரு பயிற்சியாகக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஜான் கபாட்-ஜின், 1979இல். தன் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிந்து கையாளும் திறனான உணர்வு நுண்ணறிவை 1990இல் சலோவி, மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் வரையறுத்தார்கள். 1995இல் டேனியல் கோல்மேனின் புத்தகம் அதை ஊரறியச் செய்தது. சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் திறன் பட்டியலில், கோச் தன் உணர்வைக் கையாளுவதும், பேச்சின் நடுவே மௌனத்துக்கு இடம் விடுவதும் எழுத்திலேயே இருக்கின்றன.

சந்திப்புக்கு முன் கோச் பத்து நிமிடம் காலியாக வைத்துக்கொள்ள வேண்டும். போனை சைலண்டில் போடாதீர்கள், அடுத்த அறையில் வையுங்கள். பாதம் இரண்டும் தரையில் படட்டும். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். பத்து முறை செய்தால் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே தணியும்; அதனால்தான் விடும் மூச்சு நீளம். பிறகு தாடை இறுகியிருக்கிறதா, தோள் ஏறியிருக்கிறதா, முந்தைய ஆளின் பேச்சு இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் ஒரு வரி எழுதி மூடி வையுங்கள். விரட்டப் பார்த்தால் அது போகாது.

இதையே வருபவருக்கும் சொல்லிக்கொடுப்பதென்றால், ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கும், மூச்சைக் கவனித்தாலே படபடப்பு வருகிறவர்களுக்கும் இது ஒத்துவராமல் போகலாம். உள்ளங்காலைக் கவனிக்கச் சொன்னால் போதும். இன்னொன்று. ‘கடற்கரையில் இருப்பதாக நினையுங்கள், அலை ஓசையைக் கேளுங்கள்’ என்று ஆரம்பிக்கிற ஒலிப்பதிவுகளைத் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் போடுவதற்கு முன் யோசியுங்கள். வீட்டு ஆள் கடலுக்குப் போயிருக்கிற பெண்ணுக்கு அலைச்சத்தம் அமைதியா தரும்? அது யாரோ சுற்றுலாப் பயணிக்காகச் செய்தது.

அக்காவிடம் வருவோம். அவர் கேட்டதும் கோச் மனசுக்குள் பத்து வரை எண்ணலாம். ஐந்திலேயே கை பேனாவைத் தேடும், வாய் இன்னொரு கேள்வியைக் கொண்டுவரும். விட்டுவிடக் கூடாது. பிறகு ஒரே ஒரு கேள்வி: “கத்துறதுக்குச் சத்த முன்னாடி உடம்புல என்ன நடக்குது?” ‘ஏன் கத்துனீங்க’ என்று கேட்டால் அவர் தன் பக்க நியாயத்தைத்தான் சொல்வார்.

“வயித்தக் கவ்விப் பிடிக்குது சார்.”

கோபம் சாதாரணமாக முகத்தைச் சுட வைக்கும், கையை முறுக்க வைக்கும். வயிற்றைக் கவ்வுகிறது என்றால் வேறு ஏதோ இருக்கலாம். கோச் அதற்குத் தானே பெயர் வைக்கக் கூடாது. சொற்களை எடுத்து முன்னால் வைக்கலாம். நம் பேச்சில் பாதி உணர்வுகள் ‘கோவம்’ என்ற ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வருகின்றன. எரிச்சல், கடுப்பு, ரோஷம், ஆதங்கம், மனத்தாங்கல், ஆற்றாமை, கூச்சம், பயம், எல்லாம் தனித்தனி. மனத்தாங்கல் என்றால் சம்பந்தப்பட்டவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். ஆற்றாமை என்றால் அங்கே பேச்சு உதவாது, ஆள் பற்றாக்குறையோ ஐஸ் வராததோ காரணமாக இருக்கும். அக்கா யோசித்து, “பயம்தான் சார். தட்டு திரும்பி வந்தா மேனேஜர் எல்லாருக்கும் முன்னாடி என்னைய நிக்க வச்சுருவாரு” என்கிறார். உணர்வுக்குப் பெயர் வைக்கும்போது மூளையில் பயம் போன்ற உணர்வுகளுக்கு உடனே துடிக்கிற அமிக்டலா என்ற பகுதியின் வேகம் தணிவதை 2007இல் உளவியலாளர் லீபர்மேன் குழுவினர் ஸ்கேனில் காட்டினார்கள். அக்காவின் தோள் இறங்குவதைப் பார்க்க ஸ்கேன் தேவையில்லை.

அந்த உணர்வு சுழியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்றும் கேளுங்கள். ஏழுக்கு மேல் சொன்னால் அன்று திட்டம் எதுவும் போடாதீர்கள். தண்ணீர் கொடுங்கள், கொஞ்சம் நடக்க விடுங்கள்.

கோச்சுக்குக் கம்பெனி பணம் கொடுக்கிறதென்றால், வந்தாரா இல்லையா, இலக்கு என்ன, இந்த இரண்டு மட்டும்தான் மேனேஜருக்குப் போகும் என்று மூன்று பேரும் முதல் நாளே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். சின்ன ஊர் இது. காலையில் சொன்னது சாயங்காலம் டீக்கடைக்கு வந்தால் கதை முடிந்தது. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்தால் தேவலை என்ற பேச்சு வந்தால் அது கோச்சின் வேலையே அல்ல. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடமும் அனுப்பலாம்.

பயிற்சிக்கு அக்காவிடம் தனி நேரம் ஏது? ஆனால் ஹாலுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் இருபது நொடி சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார். அந்த இருபது நொடியில் தண்ணீரின் குளிர்ச்சியைக் கவனித்து, ‘இப்ப வயிறு எப்படி இருக்கு?’ என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளட்டும்.

இரண்டு வாரம் கழித்து, ‘கோவம் குறைஞ்சுதா’ என்று கேட்காதீர்கள். உங்களுக்காக ஆமாம் என்பார். ‘ஓடு விழுந்துருச்சுக்கா’ என்று எத்தனை பெண்கள் தாங்களாகவே வந்து சொன்னார்கள் என்று கேளுங்கள். அந்த எண்ணிக்கை முதலில் கூடும். ஒளித்ததெல்லாம் வெளியே வருகிறது, தரம் கெட்டுப் போகவில்லை என்பதை மேனேஜரிடம் அக்கா முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

நன்றி, வணக்கம்.