ராத்திரி கோப்பியை முதலில் விடுங்கள்

வணக்கம் மக்களே, இன்றைக்கு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பேசுகிறேன், பின்னால் ரயில் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கோப்பியைக் குறைக்கலாம் என்று ஆரம்பித்தால் மறுநாளே மண்டை இடிக்கிறது, என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள்.

சரி, அந்தத் தலைவலி எங்கிருந்து வருகிறது? விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்று ஒன்று சேர்ந்துகொண்டே போகும், சேரச் சேரக் கண் சொக்கும். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் கோப்பியில் இருக்கும் காஃபின் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு அப்படியே இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தினமும் குடித்துப் பழகிய உடம்பில் சட்டென்று நிறுத்தினால் அடினோசின் மொத்தமாக வேலையைக் காட்டும், மூளையின் ரத்தக்குழாய்கள் விரியும், வலி வரும். கடைசிக் கோப்பி குடித்த 12 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு 9 நாள் வரை இழுக்கும். தைப்பூச விரதத்தில் கோப்பியையும் சேர்த்து விடுபவர்கள் பசித் தலைவலி என்று நினைப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

நம் ஊர்க் கடைக் கோப்பியும் லேசானது இல்லை. துணி வடிகட்டியில் தூளைப் போட்டு, கொதிதண்ணீரை ஊற்றி, இறங்கியதை மறுபடி அதிலேயே ஊற்றிக் கறுகறுவென்று எடுப்பார்கள். பெரும்பாலும் ரொபஸ்டா வகைக் கொட்டை, அராபிகா வகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபின். அடியில் கிடக்கும் டின் பாலைக் கலக்கிவிட்டால் கசப்பு மறைந்துவிடும், எவ்வளவு கெட்டி என்பதும் மறைந்துவிடும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரை பரவாயில்லை என்கிறார்கள், கர்ப்பிணிகளுக்கு 200க்குள்.

அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக விடாதீர்கள். முதலில் போக வேண்டியது ராத்திரி கோப்பிதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், பந்தாட்டம் பார்த்துக்கொண்டே 9 மணிக்குக் குடித்தால், விடிகாலை 2 மணிக்கும் அதில் கிட்டத்தட்டப் பாதி உடம்பில் இருக்கும். தூக்கம் கெடும், காலையில் இன்னும் கெட்டியாக ஒன்று வேண்டியிருக்கும், அப்புறம் எங்கே குறைப்பது? தே தாரேக்குக்கு, அதாவது ஆற்றிய பால் தேநீருக்கு, மாறினாலும் அதிலும் காஃபின் உண்டு. சூடாக ஏதாவது வேண்டுமென்றால் பார்லியோ, எலுமிச்சைத் தண்ணியான லிமாவ் பானாஸோ சொல்லுங்கள். ராத்திரி ஒழுங்காகத் தூங்கப் பழகிய பிறகு, காலைக் கோப்பியில் கை வைக்கலாம். “அண்ணே, கவ் வேண்டாம், தண்ணி கொஞ்சம் கூட” என்றால் (கவ் என்றால் கெட்டி) போட்டுத் தருவார்கள், சில நாளுக்கு ஒருமுறை இன்னும் கொஞ்சம் குறையுங்கள்.

அப்புறம் ஒன்று, தலைவலிக்கு மாத்திரை போடுவதற்கு முன் பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். பனடோல் எக்ஸ்ட்ராவில் ஒரு மாத்திரைக்கு 65 மில்லிகிராம் காஃபின் இருக்கிறது. கோப்பியைக் குறைக்கிற நாட்களில், அதுவும் படுக்கப் போகும்போது, வெறும் பாராசிட்டமால் இருக்கிற மாத்திரையாகப் பார்த்து வாங்குங்கள்.