வேலியைப் பின்னுக்கு நகர்த்தும் துக்கம்

யாழ்ப்பாணத்தில், தபசு காலத்து மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

அன்பான சகோதர சகோதரிகளே, பெரியவர்களே,

அழுவதற்கு யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. செத்தவீட்டில் ஒப்பாரி சொல்லி அழுத தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய தபசு காலம் வந்தால் கத்தோலிக்கச் சகோதரர்களின் கரையோர ஊர்களில் வியாகுலப் பிரசங்கம் இராகத்தோடு ஒலிக்கிறது. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்து, 1742இல் இந்த நாட்டிலேயே கண்மூடிய யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள் எழுதியது அது. ஆண்டவருடைய பாடுகளைக் கேட்டு இன்றும் கண்கலங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கண்ணீரை நான் மதிக்கிறேன்.

ஆனால் சிலுவை சுமந்து போகிற வழியில், தமக்காக அழுத பெண்களைப் பார்த்து ஆண்டவர் என்ன சொன்னார்? "நீங்கள் எனக்காக அழாமல், உங்களுக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் அழுங்கள்" என்றார். கண்ணீரை அவர் தடுக்கவில்லை. அது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று காட்டினார். அதைப் பற்றித்தான் இன்று மாலை உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

கொரிந்து சபைக்குப் பவுல் ஒரு கடிதம் எழுதினார். மிகுந்த வியாகுலத்தோடும் கண்ணீரோடும் எழுதியதாக அவரே சொல்கிறார். கண்டித்து எழுதிய கடிதம். அனுப்பிவிட்டு அவருக்கு நிம்மதியில்லை. துரோவா பட்டணத்தில் ஊழியத்துக்குக் கதவு திறந்திருந்தும், செய்தி கொண்டுவர வேண்டிய உடனூழியர் தீத்துவைக் காணாததால் அங்கே நிற்க மனமில்லாமல் மக்கெதோனியாவுக்குப் போகிறார். அங்கேதான் தீத்து வந்து செய்தி சொல்கிறார்: கடிதம் அவர்களைத் துக்கப்படுத்தியது, அந்தத் துக்கம் அவர்களைத் திருப்பியது. அப்போது பவுல் எழுதிய வசனம் உங்களுக்குத் தெரியும். "தேவனுக்கேற்ற துக்கம் பின்பு மனஸ்தாபப்படுகிறதற்கு இடமில்லாமல் இரட்சிப்புக்கேதுவான மனந்திரும்புதலை உண்டாக்குகிறது, லௌகிக துக்கமோ மரணத்தை உண்டாக்குகிறது."

துக்கம் இரண்டு வகை. இரண்டிலும் கண்ணீர் ஒன்றுபோலத்தான் வரும், தொண்டை ஒன்றுபோலத்தான் அடைக்கும். பிறகு எப்படிப் பிரித்தறிவது?

சவுல் ராஜாவைப் பாருங்கள். கர்த்தருடைய கட்டளையை மீறி, அமலேக்கியரிடம் கொள்ளையடித்த ஆடுமாடுகளில் நல்லவற்றை ஒதுக்கிவைத்துக்கொண்டார். சாமுவேல் தீர்க்கதரிசி வந்து கேட்டதும் முதலில் மறுத்தார், பிறகு சனங்கள்மேல் போட்டார், கடைசியில் "பாவஞ்செய்தேன்" என்றார். வாய்திறந்து சொன்னார், அதில் குறையில்லை. ஆனால் அடுத்து அவர் கேட்டது என்ன? மூப்பர்களுக்கு முன்பாகவும் இஸ்ரவேலுக்கு முன்பாகவும் என்னைக் கனம்பண்ணும், என்னோடு கூடத் திரும்பி வாரும் என்று கெஞ்சினார். கர்த்தரை இழந்ததைவிட ஊர்ச்சனங்களுக்கு முன்னால் தலைகுனிய வேண்டிவருமே என்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

சகோதரரே, இந்த இடம் நமக்கு மிக நெருக்கமானது. "சனம் என்ன கதைக்கும்" என்ற பயத்தில் நாம் வளர்ந்தவர்கள். மகள் வீட்டுக்குச் சொல்லாமல் கலியாணம் செய்துகொண்டால், மகன் வழக்கில் மாட்டினால், சீட்டுக்காசு கட்டவில்லை என்ற கதை வெளியே வந்தால், நம்முடைய நெஞ்சு உடைகிறது. உடைவது பெரும்பாலும் மானம் போனதனால். ஆராய்ந்து பாருங்கள்: அந்தக் காரியம் யாருக்கும் தெரியாமல் இருந்திருந்தால் நாம் அழுதிருப்போமா? அந்தக் கேள்விக்குத் தனிமையில் உண்மையாகப் பதில் சொல்லக்கூடியவருக்கு நான் இன்று சொல்லப்போவதில் பாதி தேவையில்லை.

தாவீது செய்தது சவுல் செய்ததைவிடக் கொடியது. ஒருவன் மனைவியை எடுத்தார், அந்த மனிதனைப் போர்முனையில் நிறுத்திக் கொல்வித்தார். நாத்தான் தீர்க்கதரிசி வந்து "நீயே அந்த மனுஷன்" என்றதும், "நான் கர்த்தருக்கு விரோதமாகப் பாவஞ்செய்தேன்" என்றார். அதன்பின் பேச்சில்லை. பத்சேபாள் ஏன் அங்கே குளித்தாள் என்று கேட்கவில்லை, தளபதி யோவாபின் பெயரை இழுக்கவில்லை, கனத்தைக் காப்பாற்றச் சொல்லவுமில்லை. நாமோ ஜெபத்தில்கூட "அறிந்தோ அறியாமலோ செய்த பிழைகளை" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். அறியாமல் செய்தவை இருக்கலாம். ஆனால் அறிந்து செய்தவை எவை என்று நமக்குத் தெரியும். அவற்றின் பெயரைச் சொல்லாமல் எப்படி அறிக்கையிடுவது?

இனிக் கொரிந்தியருக்குத் திரும்புவோம். அவர்களுடைய துக்கம் எதை உண்டாக்கியது என்று பவுல் அடுக்கிச் சொல்கிறார்: ஜாக்கிரதை, குற்றந்தீர நியாயஞ்சொல்லுதல், வெறுப்பு, பயம், ஆவல், பக்திவைராக்கியம், தண்டனைசெய்தல். இந்த வரிசையில் அழுகை ஒரு தடவையாவது வருகிறதா? எல்லாம் எழும்பி நடக்கிற காரியங்கள். யோவான்ஸ்நானனிடம் "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று சனங்கள் கேட்டபோது அவரும் இதே வழியில்தான் பதில் சொன்னார். இரண்டு அங்கி வைத்திருக்கிறவன் ஒன்றைக் கொடுக்கட்டும். ஆயக்காரன் கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதிருக்கட்டும். போர்ச்சேவகன் ஒருவருக்கும் இடுக்கண் செய்யாமல் தன் சம்பளமே போதுமென்று இருக்கட்டும்.

ஆகவே யாழ்ப்பாணத்தில் மனந்திரும்புதல் எப்படியிருக்கும் என்று கேட்டால், நான் முதலில் வேலியைக் காட்டுவேன். வருடாவருடம் வேலியடைப்பு நடக்கிறது. பட்டுப்போன கதியாலைப் பிடுங்கிப் புதிய கிளுவைக் கதியாலை நடும்போது, அரைச் சாண் அந்தப் பக்கம் தள்ளி நட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இப்படியே இருபது வருடம் போனால் சில குழி நிலம் நம்முடைய வளவுக்குள் வந்துவிடும். பக்கத்து வளவுக்காரர் கனடாவில் இருந்தால் இன்னும் சுலபம். உபாகமத்தில் ஏபால் மலைமேல் நின்று சொல்லவேண்டிய சாபங்களில் ஒன்று, பிறனுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவனைப் பற்றியது. அதற்கு ஜனங்கள் எல்லாரும் ஆமென் சொல்லவேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. அந்த வேலிக்குள் உட்கார்ந்து, தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் தொடாமல் இருந்து, தாவீதின் பாவ அறிக்கையான ஐம்பத்தோராம் சங்கீதத்தைக் கண்ணீரோடு வாசித்தால் அது கர்த்தருக்கு எப்படிக் கேட்கும்? கதியாலைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நடுங்கள். அதன்பின் வாசியுங்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் ஒரு காணியைப் பத்து ஆண்டுகள் தடையில்லாமல், உரிமையாளருக்கு எதிராக வைத்திருந்தவர் அதற்கு உரித்துக் கோரலாம். போரினால் ஓடிப்போனவர்களுக்கு இதனால் அநீதி நேருகிறது என்று கண்டு 2016இல் விசேட சட்டமொன்று கொண்டுவரப்பட்டது. நல்ல காரியம். ஆனால் நீதிமன்றத்தில் காலக்கணக்குத் தீர்ந்துவிட்டது என்பதற்காகக் கடவுளிடத்திலும் கணக்குத் தீர்ந்துவிடாது. எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: பாவத்தை அறிக்கையிட வேண்டும், முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, யாருக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தோமோ அவனுக்கே செலுத்த வேண்டும். அவன் இல்லை, வாங்குவதற்கு அவன் இனத்தானும் இல்லை என்றால் அது கர்த்தருக்கு, ஆசாரியனிடம் போக வேண்டும். எங்கே போனாலும் நம்மிடம் தங்கக்கூடாது. ஆயக்காரரான சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று தானாகவே எழுந்து நின்று சொன்னார். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று ஆண்டவர் சொன்னது அதற்குப் பிறகுதான். கொடுத்து இரட்சிப்பை வாங்கினார் என்று நான் சொல்லவில்லை. ஆண்டவர் தன் வீட்டுக்கு வந்துவிட்டார் என்ற மகிழ்ச்சியில் பணப்பை தானாகத் திறந்தது.

இப்போது நான் சொல்லப்போவது சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். இருந்தாலும் சொல்ல வேண்டும்.

நாம் பாடுபட்ட சனம். 1995 யூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுரு ஆலயத்தில் அடைக்கலம் தேடியிருந்தவர்கள்மேல் விமானத்திலிருந்து குண்டு விழுந்து, நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்துச் சனம் முழுவதும் மழைக்குள் தென்மராட்சியை நோக்கி நடந்தது. இவற்றைச் சுமந்த ஒருவரிடம் "மனந்திரும்பு" என்று சொல்ல எந்தப் போதகருக்கும் நா எழாது. "நாங்கள் இவ்வளவு பட்டது போதாதா?" என்ற கேள்வி உடனே வரும், வருவது நியாயம்.

ஆண்டவரிடமும் இதே கேள்வி வந்தது. லூக்கா பதின்மூன்றாம் அதிகாரம். பலியிட வந்த கலிலேயரைப் பிலாத்து கொன்று, அவர்களுடைய இரத்தத்தைப் பலிகளோடு கலந்த செய்தியைக் கொண்டுவந்தார்கள். ஆலயத்தில் வைத்துக் கொல்லப்பட்டவர்கள், அந்நிய ஆட்சியின் கையால் கொல்லப்பட்டவர்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளாக இருந்ததனால் இப்படி நடந்தது என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, "அப்படியல்ல" என்று உறுதியாக மறுத்தார். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப் பற்றியும் அப்படியே மறுத்தார். பட்ட பாடு பாவத்தின் சம்பளம் என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் அதே மூச்சில், "நீங்கள் மனந்திரும்பாமற்போனால்" என்றார். பாடுபட்ட சனத்திடம் சொன்னார். ஏனென்றால் பிலாத்துவின் பாவம் பிலாத்துவுடையது. நம்முடைய பாவம் நம்முடையதாகவே இருக்கிறது. அவனுடையது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நம்முடையதை அது கழுவாது.

1990 ஒக்டோபர் 30. இந்த நகரத்தின் முஸ்லிம் மக்களுக்கு வெளியேற இரண்டு மணித்தியாலம் கொடுக்கப்பட்டது. வடக்கு முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்டவர்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாகச் சோனகத் தெருவில் வாழ்ந்தவர்கள், நம்மோடு ஒரே சந்தையில் நின்றவர்கள், புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் பிள்ளைகளை வளர்த்தார்கள். ஆணையிட்டது நாமல்ல என்பது உண்மை. எதிர்த்துப் பேசுவது உயிராபத்து என்பதும் உண்மை. ஆனால் பிறகு? கூரை ஓடும் கதவும் நிலையும் எங்கே போயின? அடிமாட்டு விலைக்கு வீட்டை வாங்கியவர்கள் யார்? திரும்பி வந்தவர்களை "ஏன் வந்தீர்கள்" என்பதுபோல் பார்த்த கண்கள் யாருடையவை? 1995இல் நாம் பையோடு நடந்தது அதற்குத் தண்டனை என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை, ஆண்டவரே அப்படிக் கணக்குப்பார்க்க மறுத்துவிட்டார். ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டு நடப்பது என்னவென்று தெரிந்துகொண்ட பிறகும் அவர்களுக்காக நம்முடைய சபைகளில் எத்தனை ஜெபம் ஏறெடுக்கப்பட்டது என்று கேட்க எனக்கு உரிமையுண்டு. சாதியைப் பற்றியும் இப்படியே கேட்க வேண்டும். ஒரே ஞானஸ்நானம் என்று பாடுகிறோம். கலியாணப் பேச்சில் முதலில் விசாரிப்பது எதை? உங்களுக்கே தெரியும்.

கடைசியாக, துக்கத்தில் மூழ்கிக் கிடப்பவர்களைப் பற்றி. குற்றவுணர்வு நீண்டுகொண்டே போவதைப் பக்தி என்று சிலர் நினைக்கிறார்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை. கடிதம் உங்களைக் கொஞ்சப்பொழுது துக்கப்படுத்தியது என்றுதான் பவுல் எழுதினார். அந்தச் சபையாரால் தண்டிக்கப்பட்ட ஒரு மனிதன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு அவனை மன்னித்து ஆறுதல்படுத்துங்கள் என்று சபைக்குக் கட்டளையிட்டார். தேவனுக்கேற்ற துக்கத்துக்கு ஒரு கரை உண்டு.

யூதாஸை நினைத்துப் பாருங்கள். "குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்" என்று தெளிவாக அறிக்கையிட்டான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். நான் இதுவரை சொன்னவற்றில் பலவற்றை அவன் செய்தான்! ஆனால் போன இடம் பிரதான ஆசாரியரின் வாசல். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்றார்கள். அவன் ஆண்டவரிடம் போகவில்லை. பேதுருவும் மனங்கசந்து அழுதவர்தான். ஆனால் ஆண்டவர் திரும்பிப் பார்த்த அந்தப் பார்வையை விட்டு அவர் ஓடவில்லை. கரையில் ஆண்டவர் நிற்கிறார் என்று கேட்டதும் கடலில் குதித்துப் போனார். மூன்று தரம் மறுதலித்தவரிடம் மூன்று தரம் அன்பைக் கேட்டு, ஆடுகளை ஒப்படைத்தார் ஆண்டவர்.

யூதாஸின் கதையில் எனக்கு அதிகம் பயம் தருவது அந்த ஆசாரியர்கள். போதைப்பொருளில் விழுந்து எழும்ப முயல்கிற பையன் நம்முடைய ஆலய வாசலுக்கு வந்து நிற்கும்போது, வீட்டை விட்டுப்போன மகள் பிள்ளையோடு திரும்பி வரும்போது, நம்முடைய முகம் என்ன சொல்கிறது? "அது உன்பாடு" என்று வாயால் சொல்லத் தேவையில்லை. வாங்கிலில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலே போதும்.

வரும் ஞாயிறு திருவிருந்து ஆராதனை இருக்கிறது. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்பது ஆண்டவருடைய கட்டளை. அயல்வீட்டில் இருப்பவரிடம் நேரே போங்கள். வெளிநாட்டில் இருப்பவருக்குத் தொலைபேசி எடுங்கள். "ஏதாவது பிழை செய்திருந்தால்" என்று தொடங்காமல், செய்த பிழையைச் சொல்லித் தொடங்குங்கள். அவர் கோபப்படலாம், கதவைச் சாத்தலாம், அதற்கு அவருக்கு இடமிருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டியது காணியாக இருந்தால் காணி உறுதிப் பத்திரத்தையும் கையோடு கொண்டுபோங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன்.