வேலூர் என்று தேடினால் கிட்னிதான் வருகிறது!

வணக்கம் மக்களே! மொட்டைமாடி இன்னும் தோசைக்கல் மாதிரி இருக்கிறது, அதனால் இன்றைக்குப் படிக்கட்டில் உட்கார்ந்துதான் பேச்சு.

பாலாற்றங்கரை தோல் கழிவு பற்றி ஆய்வுக் கட்டுரை கிடைக்கவில்லை என்று போன வீடியோவில் புலம்பினேன் அல்லவா? ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் 'வேலூர்' என்று அடித்தால் கிட்னி, கல்லீரல், காசநோய் என்று வந்துகொண்டே இருக்கும். எழுதிய டாக்டர்களின் முகவரியில் வேலூர் இருக்கிறதே!

நேற்று அம்மா பீரோவிலிருந்து தாத்தா காலத்துப் பத்திரத்தை எடுத்தார். அதில் 'வட ஆற்காடு மாவட்டம்'. அடடா! 1989-ல் மாவட்டத்தைப் பிரிக்கும் வரை நாமெல்லாம் நார்த் ஆற்காடுதானே? 2019-ல் மறுபடி மூன்றாகப் பிரித்தார்கள். ராணிப்பேட்டை தனி மாவட்டம், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போய்விட்டன. இத்தனை பெயரையும் ஆங்கிலத்தில் மேற்கோள் குறிக்குள் போட்டு, நடுவில் 'OR' (அல்லது) சேர்த்து, கூடவே டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை, என்று அடித்தேன். நான் பிறப்பதற்கு முன் எழுதியதெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது!

எல்லாவற்றையும் ஜோட்டெரோவில் (கட்டுரைகளைச் சேர்த்து வைக்கும் மென்பொருள்) போட்டேன். ஒரே கிளிக்கில் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, கிடைத்தால் பிடிஎஃப்பும் சேர்ந்துவிடும். எக்செல்லில் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் ஆன்லைனில் கோப்பு வைக்க இலவச இடம் 300 எம்பிதான். என் ஸ்கேன் அறிக்கை ஒவ்வொன்றும் 80 எம்பி. நாலாவது உள்ளே போகவில்லை. 2 ஜிபி வேண்டுமானால் வருஷத்துக்கு 20 டாலர். இருபது டாலர், மக்களே! அவர்களைக் குறை சொல்லவில்லை, குறை என் பர்ஸில். அந்தக் காசுக்கு ஆம்பூர் போய் வீட்டோடு பிரியாணி சாப்பிட்டு, கத்திரிக்காய் பச்சடியை இரண்டாம் முறை கேட்டு வாங்கலாம். மனசில்லாமல் கார்டு எண்ணை அடித்தேன், ஓடிபி வரவில்லை. நல்லவேளை! செட்டிங்ஸில் கோப்பு ஒத்திசைவை மட்டும் நிறுத்திவிட்டால் போதுமாம். மேற்கோள் விவரம் எவ்வளவு இருந்தாலும் இலவசம். பிடிஎஃப் லேப்டாப்பிலேயே இருக்கும், ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்துவிட்டேன்.

ஐயோ, ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த 'OR' பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சின்ன எழுத்தில் அடித்து நான் அரை மணி நேரம் தொலைத்தேன்.

வாலாஜாபேட்டையை, பாலாற்றைப் பழைய ஆங்கிலத்தில் வேறு எப்படியெல்லாம் எழுதியிருக்கிறார்கள்? தெரிந்தவர்கள் கமெண்டில் போடுங்கள். அம்மா பத்திரத்தைக் கேட்டுக் கத்துகிறார், வருகிறேன்.